வீட்டில் ஒரு மண் ஓவன்: கட்டும் முறையும் சூடேற்றும் முறையும்

ஊட்டி வர்க்கியும் யாழ்ப்பாணத்து ரோஸ் பாணும் வெவ்வேறு ஊர்ப் பண்டங்கள். ஆனால் இரண்டும் மரபாக வெந்து வருவது ஒரே வகை அடுப்பில்தான். செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டி, உள்ளேயே விறகை எரித்துச் சூடேற்றும் ஓவன் அது. யாழ்ப்பாணத்தில் இதைப் போறணை என்பார்கள். தமிழ்நாட்டின் பழைய பேக்கரிகள் சிலவற்றில் இன்றும் சுவரோடு சுவராக ஓர் அறை அளவுக்கு இது நிற்கிறது. இத்தாலியில் பொம்பெயி நகரம் கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்தபோது அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட பேக்கரிகள் இருந்தன. அவற்றின் குவிமாட ஓவன்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். அன்றைய வடிவத்துக்கும் இன்றைய வடிவத்துக்கும் பெரிய மாற்றம் ஏதுமில்லை.

இதே ஓவனைச் சிறிய அளவில் வீட்டுக் கொல்லையில் நாமே கட்டிக்கொள்ள முடியும். கொத்து வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல களிமண், மணல், உமி, கொஞ்சம் செங்கல், மண் மிதிக்க நாலைந்து பேர், அவசரப்படாத மனது, இவ்வளவும் இருந்தால் போதும். ஆனால் கட்டத் தொடங்கும் முன் இந்த ஓவன் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அது புரிந்துவிட்டால் அளவுகள் தாமே மனதில் நிற்கும்; ஒவ்வொரு வேலையையும் ஏன் செய்கிறோம் என்பதும் விளங்கும்.

ஓவன் எப்படிச் சுடுகிறது

அடுப்பில் தீ எரியும்போது சமைக்கிறோம். இந்த ஓவனில் பெரும்பாலும் தீ அணைந்த பிறகுதான் சமையல் தொடங்குகிறது. இரண்டு மூன்று மணி நேரம் உள்ளே விறகு எரிகிறது. அந்தச் சூட்டைத் தளமும் குவிமாடமும் வாங்கிக்கொள்கின்றன. பிறகு தணலை வெளியே இழுத்துவிட்டு, சாம்பலைத் துடைத்து, மாவை உள்ளே வைத்து மூடுகிறோம். மண்ணும் செங்கல்லும் வாங்கிய சூட்டை மெல்லத் திருப்பித் தருகின்றன. பகலெல்லாம் வெயில் வாங்கிய மொட்டை மாடித் தளம் இரவு பத்து மணிக்கும் காலைச் சுடுகிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது.

உள்ளே இருக்கும் பண்டத்துக்குச் சூடு மூன்று வழியில் வருகிறது. தளத்துச் செங்கல்லிலிருந்து நேராக அடிப்பாகத்துக்கு ஏறுவது ஒன்று. குவிமாடத்திலிருந்து கதிராக இறங்கி மேற்பகுதியைச் சிவக்க வைப்பது இன்னொன்று. உள்ளே சுழலும் சூடான காற்று மூன்றாவது. குவிமாட வடிவம் எல்லாப் பக்கத்திலிருந்தும் சூட்டை உள்நோக்கி வீசுகிறது. மாவிலிருந்து எழும் ஆவி மூடிய ஓவனுக்குள்ளேயே நிற்பதால் ரொட்டியின் மேல்தோல் உடனே காய்ந்து இறுகிவிடாது. அதற்குள் மாவு நன்றாக உப்பிவிடும். பிறகு தோல் பளபளப்பாக, மொறுமொறுப்பாக வெந்து வரும். விறகு ஓவன் ரொட்டிக்குத் தனிப் பெயர் கிடைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். புகை வாசனையின் பங்கு இதில் குறைவு.

ஆகவே நல்ல ஓவனுக்கு இரண்டு அடுக்குகள் வேண்டும். உள்ளே சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கனமான அடுக்கு. அதைச் சுற்றிச் சூட்டை வெளியே விடாத இலேசான அடுக்கு. முதலாவது களிமண்ணும் மணலும். இரண்டாவது காற்று நிறைந்த, நுண்துளைகள் கொண்ட பொருள். முதல் அடுக்கை மட்டும் கட்டிவிட்டு நிறுத்தினால் விறகின் சூட்டில் பெரும்பங்கு கொல்லையைத்தான் சூடாக்கும். தளத்துக்குக் கீழேயும் இந்த இரண்டாவது அடுக்கு வேண்டும். மேலே கவனமாகக் கட்டிவிட்டுக் கீழே விட்டுவிட்டால் ரொட்டியின் தலை சிவந்து அடி வெளுத்திருக்கும்.

வாசலின் உயரம்

ஓவனின் அளவுகளில் மிக முக்கியமானது வாசலின் உயரம். வீட்டு மண் ஓவனில் குவிமாடத்தின் உச்சியில் புகைபோக்கி கிடையாது. உச்சியில் துளை போட்டால் சூடு முழுவதும் அதன் வழியே போய்விடும். வாசல் ஒன்றுதான் மூச்சு. குளிர்ந்த காற்று வாசலின் கீழ்ப்பாதி வழியாக நுழைந்து, தீயை ஊட்டி, குவிமாடத்தில் மோதித் திரும்பி, வாசலின் மேற்பாதி வழியாகப் புகையாக வெளியேறுகிறது. புகைபோக்கி வேண்டுமென்றால் வாசலுக்கு முன்பாக, குவிமாடத்துக்கு வெளியே வைக்க வேண்டும்.

வாசல் உயரமாகிவிட்டால் சூடு நிற்காது. தாழ்ந்துவிட்டால் தீ மூச்சு முட்டிப் புகையும். கனடாவின் கியூபெக் மாகாணத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக மண் ஓவன் கட்டி ரொட்டி சுட்டுவந்தார்கள். அந்த ஓவன்களை லீஸ் பொய்லி, ஜான் பிரான்சுவா பிளான்ஷெட் ஆகிய இருவரும் 1970-களில் ஆராய்ந்து நூலாக எழுதினார்கள். அதிலிருந்து ஓவன் கட்டுவோர் எடுத்துக்கொண்ட அளவு இது: வாசலின் உயரம் குவிமாடத்தின் உள் உயரத்தில் 63 சதவீதம். ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் கெடுதல் இல்லை; 60-க்கும் 65-க்கும் இடையே நிற்கட்டும்.

ஒரு குடும்பத்துக்கு ஏற்ற அளவு: உள் விட்டம் 27 அங்குலம், உள் உயரம் 16 அங்குலம், வாசல் உயரம் 10 அங்குலம், வாசல் அகலம் 12 முதல் 14 அங்குலம். இதில் ஒரே சமயத்தில் மூன்று நான்கு ரொட்டிகள் வைக்கலாம். இதைவிடப் பெரிதாகக் கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். பெரிய ஓவனுக்கு ஒவ்வொரு முறையும் விறகும் நேரமும் கூடுதலாக வேண்டும். முதல் ஓவனைச் சிறியதாகவே கட்டுங்கள்.

இடமும் காலமும்

வீட்டுச் சுவரிலிருந்தும் மரங்களிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளி, மழைத் தண்ணீர் தேங்காத மேட்டில் இடம் பாருங்கள். வாசல் வழக்கமான காற்றுக்கு எதிர்முகமாக இருக்க வேண்டாம். கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், மாட்டுத் தொழுவம் இவற்றின் பக்கம் கட்டவே கூடாது.

இந்த அளவு ஓவனின் எடை, மேடையைச் சேர்க்காமலே அரை டன்னை நெருங்கும். மொட்டை மாடியில் வைக்க நினைப்பவர்கள் பொறியாளரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மண் வேலைக்குத் தை முதல் சித்திரை வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் ஓவன் காய்ந்து, பூச்சு முடிந்து, தலைக்கு மேலே கூரையும் போட்டிருக்க வேண்டும். மண் ஓவனுக்கு மழை பகை. நான்கு இரும்புக் கால் நட்டு மேலே தகடு போட்டால் பல ஆண்டுகள் நிற்கும்.

மண்ணைப் பார்த்து எடுப்பது

மேல்மண் ஆகாது. அதில் வேரும் மக்கும் கலந்திருக்கும். சூடேறியதும் எரிந்து மண் பொலபொலத்துவிடும். ஓரிரு அடி தோண்டிய பின் கிடைக்கும் களிப்பான செம்மண் நல்லது. கரிசல் மண்ணுக்குப் பிடிப்பு உண்டு என்றாலும் அது ஈரத்தில் உப்பிக் காயும்போது மிகுதியாகச் சுருங்கும், ஓவன் பிளந்துபோகும். பானை செய்பவரிடம் கேட்டு வாங்கும் களிமண் மிகச் சிறந்தது. ஏரி மண் எடுப்பதாக இருந்தால் உரிய அனுமதி பெற்று எடுங்கள். கிராமங்களில் அடுப்புப் போடப் புற்று மண் எடுப்பது பழைய வழக்கம். கறையான் மிக நுண்ணிய மண்ணைப் பொறுக்கிச் சேர்த்திருப்பதால் அது இறுக்கமாகப் பிடிக்கும். ஆனால் பாம்பு குடியிருக்கும் புற்றையும், மக்கள் வழிபடும் புற்றையும் தொட வேண்டாம்.

மண்ணின் தன்மையைக் கையாலேயே சோதிக்கலாம். ஈரமாகப் பிசைந்து விரல் கனத்துக்குத் திரியாக உருட்டுங்கள். அதை விரலைச் சுற்றி வளைக்கும்போது ஒடியாமல் வளைந்தால் களி போதுமான அளவு இருக்கிறது. உடனே ஒடிந்தால் மணல் மிகுதி. வேறு மண் தேடுங்கள்.

களிமண்ணை மட்டும் வைத்துக் கட்டினால் காயும்போது வெடிக்கும். அதற்குத்தான் மணல். மணல் சுருங்காது; களி அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மணல் என்பது பொது அளவு. ஆனால் ஊருக்கு ஊர் மண் மாறும். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று கலந்து மூன்று சிறு கட்டிகள் பிடித்து நிழலில் காயவிடுங்கள். எது வெடிக்காமலும், நகத்தால் கீறினால் உதிராமலும் இருக்கிறதோ அதுவே உங்கள் மண்ணுக்கான கலவை. மணலில் கூர்மையான மணிகள் இருப்பது நல்லது. ஆற்று மணல் கிடைக்காத இடங்களில் எம்-சாண்ட் போதும். கடல் மணல் வேண்டாம்.

உள் அடுக்கில் சிமென்ட் சேர்க்கக் கூடாது. சாதாரண சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் பிணைப்பு நீரை இழந்து சிதையத் தொடங்கும். கலவை உதிர்ந்து உணவில் விழும். களிமண் அப்படியல்ல. சூடு ஏற ஏற அது கெட்டிப்படும். அதே போல ஆற்றுக் கூழாங்கல்லையும் கருங்கல்லையும் தீ படும் இடத்தில் வைக்காதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சில்லாகத் தெறிக்கலாம்.

மேடையும் தளமும்

மேடை 4 அடி அகலம், 5 அடி நீளம், மூன்று அல்லது மூன்றரை அடி உயரம் இருக்கட்டும். குனியாமல் உள்ளே பார்க்க முடிவதே சரியான உயரம். கருங்கல், செங்கல், ஹாலோ பிளாக் எதை வைத்தும் கட்டலாம். இது சூடு எட்டாத பகுதி என்பதால் சிமென்ட் பூச்சுக்கும் தடையில்லை. நான்கு பக்கமும் சுவர் எழுப்பி உள்ளே உடைகல்லும் மண்ணும் போட்டுத் திமிசு கொண்டு இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் பிறகு தளம் அமிழ்ந்து ஓவன் பிளக்கும்.

அதன் மேல் 4 முதல் 5 அங்குலத்துக்குச் சூடு தடுக்கும் அடுக்கு. காலிக் கண்ணாடி பாட்டில்களைப் படுக்க வைத்து வரிசையாக அடுக்கி, இடைவெளிகளில் உமி கலந்த களிமண்ணை நிரப்பினால் போதும். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றும் உமியின் துளைகளும் சூட்டைக் கீழே இறங்கவிடாது. பாட்டில்களின் மூடியைக் கழற்றிவிடுங்கள். செடி வளர்ப்புக்கு விற்கும் பெர்லைட், வெர்மிகுலைட் கிடைத்தால் களிக் கரைசலில் கலந்து பாட்டிலுக்குப் பதிலாகப் போடலாம்.

இந்த அடுக்கு நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் ஓர் அங்குலம் சலித்த மணலைப் பரப்பி, மட்டப்பலகை வைத்துச் சமமாக்கி, செங்கற்களை அடுக்க வேண்டும். இங்கேதான் செலவு செய்யத் தகும். சூளைச் செங்கல்லும் தாங்கும். ஆனால் திரும்பத் திரும்பச் சூடேறிக் குளிரும்போது மெல்ல உதிரும். ஃபயர் பிரிக் எனப்படும் உலைச் செங்கல் அதற்காகவே செய்தது. 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் உள்ள கல்லில் 30 வாங்கினால் தளத்துக்கும் வாசல் முகப்புக்கும் போதும்.

கலவை வைக்காமல் ஒன்றோடொன்று இறுக்கி அடுக்குங்கள். ஒரு கல் உடைந்தால் பின்னர் அதை மட்டும் எடுத்து மாற்றலாம். ஒரு கல்லின் விளிம்பு அடுத்ததைவிட உயர்ந்து நின்றால் ரொட்டியை எடுக்கும் பலகை அதில் இடிக்கும். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, உயர்ந்த கல்லை மரச் சுத்தியால் தட்டி இறக்குங்கள்.

மணல் அச்சும் குவிமாடமும்

குவிமாடத்தை அந்தரத்தில் எழுப்ப முடியாது. உள்ளே ஓர் அச்சு வேண்டும். அதற்கு ஈர மணல் போதும். அமெரிக்காவின் கிகோ டென்சர் மண் ஓவன் பற்றி எழுதிய கையேடு, கொத்து வேலை தெரியாதவர்களிடமும் இந்த முறையைக் கொண்டுசேர்த்தது.

செங்கல் தளத்தின் மேல் 27 அங்குல விட்டத்தில் வட்டம் வரையுங்கள். நடுவில் 16 அங்குல உயரக் குச்சி ஒன்றை நிறுத்துங்கள். ஈர மணலைக் குவித்து, பலகையால் தட்டி, குச்சியின் நுனி மறையும் வரை குவிமாடமாக உருவாக்குங்கள். இதற்கு மூன்றரை கன அடி மணல் வேண்டியிருக்கும். பக்கங்கள் முதல் நாலைந்து அங்குலத்துக்கு ஏறக்குறைய நேராக எழுந்து பிறகு வளையட்டும்; அப்போதுதான் ஓரத்தில் வைக்கும் ரொட்டி சுவரில் இடிக்காது. மணல் மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டுங்கள். பிறகு மணலைத் தோண்டி எடுக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் காட்டும்.

இப்போது மண் மிதிக்கும் வேலை. தார்ப்பாயில் களிமண்ணையும் மணலையும் கொட்டி, தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தெளித்து, காலால் மிதித்து, பாயைச் சுருட்டிப் புரட்டி மீண்டும் மிதிக்க வேண்டும். பதம் பார்க்க ஓர் உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். தட்டையாகப் பரவினால் ஈரம் கூடுதல். உடைந்து சிதறினால் ஈரமோ களியோ போதாது. உருண்டை உருண்டையாகவே கிடந்தால் பதம் சரி. பிழிந்தால் தண்ணீர் வராத அளவுக்கு இறுக்கமான பதமே நல்லது. ஈரம் குறையக் குறையச் சுருக்கமும் குறையும். உள் அடுக்குக்கு நெருக்கிப் பிடித்த கலவை 4 கன அடி வேண்டும். இதில் வைக்கோலோ உமியோ சேர்க்க வேண்டாம்.

கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, அடியிலிருந்து வளையம் வளையமாக 4 அங்குலக் கனத்தில் ஏற்றுங்கள். மண்ணை மணல் அச்சின் மேல் அழுத்தக் கூடாது, அச்சு நசுங்கும். கீழ் வளையத்தின் மேல் அழுத்துங்கள். ஒரு கையை உள்பக்கம் அணைவாக வைத்து, மறு கையால் மேலிருந்து குத்தி இறுக்குங்கள். கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க, 4 அங்குலத்தில் குறிவைத்த குச்சியால் அவ்வப்போது குத்திப் பாருங்கள். தொடங்கினால் அன்றே முடித்துவிட வேண்டும். பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் அந்த ஒட்டு பிடிக்காமல் அங்கேயே விரியும். முடிந்ததும் தட்டுப்பலகையால் சுற்றிலும் தட்டுங்கள்.

ஒன்று அல்லது இரண்டு நாளில் மண் தோல் இறுகும். கட்டைவிரலால் அழுத்தினால் இலேசாக மட்டுமே குழிய வேண்டும். அந்தப் பதத்தில் வாசலைக் கத்தியால் வரைந்து அறுங்கள். 10 அங்குல உயரத்தை மீண்டும் ஒரு முறை அளந்துவிட்டு அறுங்கள். கையை விட்டு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். தாள் தெரிந்ததும் நிறுத்துங்கள். குவிமாடம் தன் வளைவின் பலத்திலேயே நிற்கும்.

உமி மண் அடுக்கும் மேல்பூச்சும்

நெல் விளையும் ஊர்களில் சூடு தடுக்கும் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. உமி இருக்கிறது. களிமண்ணைத் தண்ணீரில் மோர்ப் பதத்துக்குக் கரைத்து, உமி முழுவதும் நனைந்து கையில் பிடிபடும் அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும். மண் குறைவாகவும் உமி மிகுதியாகவும் இருப்பது முக்கியம். ஓவனின் சூட்டில் உள்பக்கத்து உமி மெல்லக் கருகி, அதன் இடத்தில் ஆயிரமாயிரம் காற்றறைகள் எஞ்சும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உருகிய எஃகின் சூடு தணியாமலிருக்க எஃகு ஆலைகள் உமிச் சாம்பலைத்தான் மேலே பரப்புகின்றன. இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தக் கலவையை உள் அடுக்கின் மேல் 4 அங்குலம் போர்த்துங்கள். 6 கன அடி வேண்டியிருக்கும். வாசல் விளிம்பில் மட்டும் உமி மண் வேண்டாம். அங்கே கையும் விறகும் இடிபடும் என்பதால் உள் அடுக்கின் கலவையையே வையுங்கள், அல்லது செங்கல் வளைவு கட்டுங்கள்.

அது காய்ந்த பின் ஓர் அங்குல மேல்பூச்சு. மண்ணோடு பொடியாக நறுக்கிய வைக்கோலும் சாணமும் கலந்து பூசலாம். சுண்ணாம்புப் பூச்சு இன்னும் உறுதி. கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேலேயும் சிமென்ட் வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிடும்.

வாசலுக்கு ஒன்றரை அங்குலக் கனத்தில் மரக் கதவு செய்துகொள்ளுங்கள். கைப்பிடி வைத்து, உள்பக்கம் தகடு அடித்தால் நெடுநாள் வரும். தணலை வெளியே எடுத்த பிறகே அதை மூட வேண்டும். மூடுமுன் தண்ணீரில் ஊற வைத்தால் கதவும் கருகாது, உள்ளே ஆவியும் கூடும்.

காயவிடுவது

கட்டி முடித்த மகிழ்ச்சியில் அன்றே பெருந்தீ மூட்டுவதால் கெட்டுப்போன ஓவன்கள் பல. ஈரமுள்ள சுவரைத் திடீரென்று சூடாக்கினால் உள்ளே நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றிச் சுவரைப் பிளக்கும். நிழலில் ஓரிரு வாரம் காயவிடுங்கள். பிறகு சில நாட்களுக்குச் சுள்ளிகளால் சிறு தீ மட்டும் மூட்டுங்கள். நாளுக்கு நாள் தீயைக் கொஞ்சம் கூட்டலாம். வெளிச்சுவரிலிருந்து ஆவி எழுவது நிற்கும் வரை இது தொடர வேண்டும். மயிரிழை விரிசல் வருவது இயல்பு. அதே மண்ணைக் குழைத்து அடைத்துவிடலாம்.

சூடேற்றுவது

வாசலுக்குச் சற்று உள்ளே சிறு விறகால் தீ மூட்டி, பிடித்ததும் உள்ளே தள்ளி, கைமணிக்கட்டுக் கனத்து விறகாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். முதலில் குவிமாடத்தின் உட்புறம் கரியேறிக் கறுக்கும். மேலும் சூடேறும்போது, ஏறக்குறைய 350 டிகிரியைத் தாண்டும் நேரத்தில், அந்தக் கரி தானே எரிந்து மண்ணின் நிறம் உச்சியிலிருந்து வெளுத்துத் தெரியத் தொடங்கும். வெளுப்பு பக்கங்களிலும் இறங்கிவிட்டால் ஓவன் தயார் என்று பொருள்.

பீட்சாவுக்கு இந்தத் தருணமே போதும். தணலை ஒரு பக்கமாகத் தள்ளி, அதன் மேல் ஓரிரு விறகு வைத்துத் தீயை உயிரோடு வைத்துக்கொண்டே சுடலாம். பீட்சா சுடும் நேப்பிள்ஸ் கலையை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே 400 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் 60 முதல் 90 நொடிக்குள் பீட்சா வெந்துவிடும். வீட்டு ஓவனில் இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

ரொட்டிக்கு வேறு முறை. தீயை மேலும் சிறிது நேரம் எரியவிட்டு, சுவரின் உட்பகுதி வரை சூடு இறங்க வேண்டும். பிறகு தணலை முழுவதும் வெளியே இழுத்து, நீண்ட கம்பில் சுற்றிய ஈரத் துணியால் தளத்தைத் துடைத்து, கதவை மூடி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் தளமும் குவிமாடமும் ஒரே சூட்டுக்கு வரும். ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் தூவிப் பாருங்கள். ஓரிரு நொடியில் கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். 15, 20 எண்ணுவதற்குள் பொன்னிறமாகச் சிவந்தால் ரொட்டி வைக்கலாம்.

எதை எப்போது வைப்பது

ஒரு முறை ஏற்றிய சூட்டைக் கடைசி வரை பயன்படுத்துவதில்தான் இந்த ஓவனின் சிக்கனம் இருக்கிறது. சூடு இறங்கிக்கொண்டே வரும். அதற்கேற்பப் பண்டத்தை வரிசைப்படுத்த வேண்டும். 350 டிகிரிக்கு மேல் பீட்சா, நான். 230 முதல் 250 வரை ரொட்டி, முழுக் கோழி, மீன். 200-ஐ ஒட்டி பன், பஃப்ஸ். 160 முதல் 180 வரை கேக், பிஸ்கட். அதற்கும் கீழே இறங்கியதும், முட்டை வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த தூத்துக்குடி மக்ரூன் போல மெல்லிய சூட்டில் நெடுநேரம் இருக்க வேண்டியவை. இரவில் மண்சட்டியில் கொண்டைக்கடலையோ மொச்சையோ தண்ணீரோடு வைத்து மூடினால் காலையில் குழைந்திருக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தணலோரத்தில் வெந்தாலே தேன் வடியும். எல்லாம் முடிந்த பின் அடுத்த முறைக்கான விறகை உள்ளே அடுக்கிவிடுங்கள். மிச்சச் சூட்டில் நன்றாக உலரும். தணல் ஒரு துளியும் இல்லை, சூடு நன்றாகத் தணிந்துவிட்டது என்று பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

அரைக் கிலோ ரொட்டி வேக 25 முதல் 35 நிமிடம் ஆகும். அடியில் தட்டினால் வெற்றுப் பானை ஒலி எழ வேண்டும். சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் உதவும். சில முறை சுட்ட பிறகு உங்கள் ஓவனின் போக்கு உங்களுக்கே பிடிபடும்.

விறகு, புகை, பாதுகாப்பு

சவுக்கு, சீமைக்கருவேலம், புளி எதுவானாலும் காய்ந்திருப்பதுதான் முக்கியம். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும்; புகையும் கூடும். வெள்ளைப் புகை வந்தால் விறகு ஈரம் அல்லது காற்று போதவில்லை என்று அறியுங்கள். வண்ணம் பூசிய மரம், பிளைவுட், மருந்தேற்றிய மரம், பிளாஸ்டிக் எதையும் எரிக்கக் கூடாது; அவற்றின் நச்சு உணவில் ஏறும். அரளிக் கட்டையும் நஞ்சு.

விறகுப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆகவே மூடிய அறைக்குள் இந்த ஓவன் கூடாது. வீடுகள் நெருங்கிய தெருவில் கட்டுவதாக இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசுங்கள். வெளியே இழுக்கும் தணலுக்கு மூடியுள்ள இரும்பு வாளி வையுங்கள். சாம்பலுக்குள் நெருப்பு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் மணலும் எப்போதும் இருக்கட்டும். ஓவன் எரியும்போது குழந்தைகள் வாசலுக்கு நேராக நிற்கக் கூடாது.

தினமும் இரண்டு பேருக்கு ரொட்டி சுட இது ஏற்றதல்ல; அதற்கு மின்சார ஓவனே சிக்கனம். வாரம் ஒரு நாளோ மாதம் இரண்டு நாளோ, நாலு குடும்பம் சேர்ந்து மாவு பிசைந்து, ஒரே தீயில் எல்லோருக்கும் சுட்டுக்கொள்வதற்கு இதைப்போல் வேறொன்று இல்லை. ஆகவே தனியாகக் கட்டாதீர்கள். மண் மிதிக்கும் நாளிலேயே உறவையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிடுங்கள். சிறியதாகக் கட்டுங்கள், வாசலை அளந்து வெட்டுங்கள், உமி அடுக்கை விடாதீர்கள், பொறுமையாகக் காயவிடுங்கள். இந்த நான்கையும் கடைப்பிடித்தால் மண் ஓவன் உங்களைக் கைவிடாது. என்றாவது பழுதானால் உடைத்து, நனைத்து, மிதித்து அதே மண்ணை மீண்டும் பயன்படுத்தலாம்.